சாப்ட்டியா அக்கா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்து லேண்ட்லைன் அடித்தால், அது காமுவின் தம்பி சூர்யநாராயணன்தான். அமெரிக்காவிலிருந்து.

“அக்கா, சாப்ட்டியா? முட்டி வலி தேவலையா?”

“தேவலைடா சூரி. செம்பாக்கம் ஏரியில இந்த வருஷம் நல்ல தண்ணி. அங்கேருந்து தலைப்பிரட்டை பிடிச்சுண்டு வந்து, நான் ரசம் வைக்கிற ஈயச்சொம்புல வளர்த்தியே, ஞாபகம் இருக்கா? அப்பவே தெரியும் எனக்கு, நீ பெரிய சயின்டிஸ்ட் ஆவேன்னு. அமெரிக்கா போனே. ஆராய்ச்சி, பொண்டாட்டி, ரெண்டு குழந்தைன்னு அங்கேயே வேர் விட்டுட்டே.”

“உன்னை மறப்பேனா அக்கா?”

பேசி முடித்ததும் காமு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மொட்டை மாடியிலிருந்து அவள் மகன் ஸ்ரீரங்கன் செல்போனோடு இறங்கி வந்தான். படிக்கட்டிலேயே அவன் மனைவி ப்ரியா மடக்கினாள்.

“மாமா செத்துப்போய் மூணு மாசமாச்சு. இன்னும் எத்தனை நாளைக்கு அவர் குரல்ல நீங்க பேசப்போறீங்க?”

“மெதுவாப் பேசு. அம்மாவுக்கு ஹார்ட் வீக். தெரிஞ்சா தாங்கமாட்டா.”

“எனக்கு முதல் வாரமே தெரியும்” என்று கூடத்திலிருந்து காமுவின் குரல் வந்தது.

ஸ்ரீரங்கன் கூடத்துக்கு ஓடி வந்தான். “எப்படிம்மா?”

“நாப்பது வருஷத்துல சூரி ஒரு தடவைகூட நான் சாப்ட்டேனான்னு கேட்டதில்லடா.”

“அப்புறம் ஏன் தெரியாத மாதிரியே பேசிண்டிருந்தே?”

“நீயும்தான் கேட்டதில்ல. மாடிக்குப் போனாத்தான் உனக்கு அந்த வார்த்தை வருது.”