கையில் ஒரு பாம்பு

“கையை எறக்கு. சட்டைக் கையை இழுத்து விட்டுக்கோ.”

கணக்குப் பாடத்தின் நடுவே வகுப்பாசிரியை கடைசி பெஞ்சு வரை நடந்து போய், அந்தப் பெண்ணின் காதோரம் குனிந்து சொன்னாள். கேள்விக்குப் பதில் சொல்ல உயர்ந்த கையில் சட்டை முழங்கை வரை சரிந்திருந்தது. உள்ளே கறுப்பாக ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது.

வேறு பள்ளியாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். தண்ணீர் தொட்டு ஒட்டுகிற படம். நாலு நாள் போனால் தானே உரிந்துவிடும். ஆனால் இது பிரார்த்தனையில் தொடங்கிப் பிரார்த்தனையில் முடிகிற பள்ளி. உடம்பு கடவுள் கொடுத்தது, அதில் மனிதன் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது என்று வாசல் சுவரிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள். வெயில் கொளுத்தினாலும் மணிக்கட்டு வரை சட்டை.

போன வருடம் ஒருத்தி கணுக்காலில் பட்டாம்பூச்சி ஒட்டிக்கொண்டு வந்தாள். தலைமையாசிரியை பெற்றவர்களை வரவழைத்தார். அவர்கள் கண்ணெதிரிலேயே, எண்ணெயில் நனைத்த பஞ்சால், தன் கையாலேயே அதைத் துடைத்தெடுத்தார். அன்று சாயங்காலமே அவளைப் பள்ளியை விட்டு நீக்கினார்.

பிள்ளைகள் தலைமையாசிரியைக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. நகத்தில் ஒட்டிய மையை வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். முகத்தை மட்டும்தான் பார்க்க மாட்டார் என்று ஆசிரியைகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள்.

மணி அடித்ததும் வகுப்பாசிரியை அந்தப் பெண்ணைக் குழாயடிக்குக் கூட்டிப் போனாள். இருக்கிற இடம் தெரியாத பிள்ளை. வருடம் பூராவும் வாய் திறக்காதவள், இன்றைக்கு என்னவோ பதில் தெரியாத கேள்விக்கெல்லாம் கை தூக்கினாள். சோப்பு போட்டுத் தேய்த்துவிடலாம், கொஞ்சம் எரியும், பொறுத்துக்கொள் என்று ஆசிரியை கெஞ்சிப் பார்த்தாள். அந்தப் பெண் கையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“வேணாம் மிஸ்.”

“ஹெச்.எம். அம்மா பார்த்தாங்கன்னா உன் படிப்பே போயிடும். புரியுதா உனக்கு?”

“போனா போகட்டும் மிஸ்.”

திமிராகச் சொல்லவில்லை. உதடு நடுங்கச் சொன்னாள். வகுப்பில் இப்படி ஒன்று நடந்தால் வகுப்பாசிரியையின் வேலையும் ஊசலாடும். அதைவிட, இந்தக் கோழிக்குஞ்சு மாதிரி இருக்கிற பெண்ணை நடுத்தெருவில் நிறுத்திவிடுவார்களே என்றுதான் ஆசிரியை பயந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் வராந்தா ஒரே நொடியில் ஓய்ந்தது. தலைமையாசிரியை வந்துகொண்டிருந்தார். தூணுக்குப் பின்னால் ஒதுங்கு என்று ஆசிரியை கண்ணால் சைகை காட்டினாள். அந்தப் பெண்ணோ, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு நடுவழியில் போய் நின்றாள்.

அப்புறம் கேட்பானேன். அப்பாவுக்குப் போன் போனது.

தலைமையாசிரியையின் அறையில் காற்றாடி சுற்றியும் ஆசிரியைக்கு வேர்த்து வழிந்தது. அப்பா உள்ளே வந்ததும் தலைமையாசிரியையே எழுந்து வணக்கம் சொன்னார். பள்ளியில் பெற்றோர்களுக்கான பிரார்த்தனையை நடத்துகிறவர் அவர். ஈ எறும்புக்கும் நோகாத குரல். அந்தக் குரலைக் கேட்டதும் பெண் நகர்ந்து ஆசிரியையின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். புடவை முந்தானையை அவள் விரல்கள் பற்றியிருந்தன. திட்டு விழும் என்று பயப்படுகிறாள், பாவம் என்று ஆசிரியை நினைத்தாள்.

அப்பா கைகூப்பினார். தாயில்லாப் பிள்ளை, வளர்ப்பில் தான் எங்கோ தவறிவிட்டதாகச் சொன்னார்.

“நானே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் சுத்தமா எடுத்துடறேம்மா. ஒரே ஒரு தடவை மன்னிச்சுடுங்க.”

தலைமையாசிரியை யோசித்தார். கல் கரைகிறதே என்று ஆசிரியைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பிழைத்தது பெண்.

“வேணாம்மா.” முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “இங்கயே அழிச்சுடுங்க. நீங்களே அழிங்க.”

அப்பா சட்டென்று எழுந்து மகளின் தோளைப் பிடித்தார். நேரமாகிறது, கிளம்பலாம் என்றார். அந்த அவசரம் தலைமையாசிரியைக்குப் பிடிக்கவில்லை. பள்ளியின் ஒழுங்கு பள்ளியிலேயே நடக்கட்டும் என்று சொல்லிவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தை முன்னால் இழுத்துவைத்துக்கொண்டு, மேஜை மேல் அந்தக் கையை நீட்டச் சொன்னார்.

முதலில் வால் அழிந்தது. பிறகு உடம்பின் ஒரு சுருள். பஞ்சு அதற்கு மேல் நகரவில்லை.

கறுப்பு மை போன இடத்தில் தோல் வட்ட வட்டமாகச் சுருங்கியிருந்தது. சிகரெட் நுனி அளவு வட்டங்கள். சில ஆறிப்போனவை. ஒன்று இன்னும் சிவப்பாக இருந்தது.

அடுப்பில் சுட்டுக்கொண்டாள் என்று அப்பா ஏதோ சொல்ல ஆரம்பித்தார். தலைமையாசிரியை மணியை அழுத்திக் காவலாளியைக் கூப்பிட்டு, இவரை வெளியே உட்கார வை, போலீஸ் வரும்வரை எங்கும் விடாதே என்றார். கதவு சாத்தியதும்தான், அத்தனை வருடத்தில் முதல் தடவையாக, ஒரு மாணவியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“இதை மறைக்கத்தான் பாம்பு ஒட்டிக்கிட்டியாம்மா?”

அந்தப் பெண் தலையாட்டி மறுத்தாள்.

“மறைக்கறதுக்கு முழுக்கைச் சட்டையே போதும்மா. நீங்க உங்க கையால அழிப்பீங்கன்னு தெரிஞ்சுதான் ஒட்டினேன்.”