ஹெல்மெட் விழுந்த சத்தம்

மகள் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு கத்தினாள்.

காரணம் நான்தான். ஆபீசிலிருந்து நேராகத் தெரபி அறைக்கு வந்திருந்தேன். மடியிலிருந்த ஹெல்மெட் நழுவித் தரையில் விழுந்தது. துள்ளி, இன்னொரு முறையும் விழுந்தது. ஒரு தடவை போதாதாம்.

‘இங்கே சத்தம் கூடாது’ என்று கதவில் ஒரு தாள். போன வாரம் செல்லோடேப் வைத்து ஒட்டிக்கொடுத்ததும் நான்தான்.

தெரபிஸ்ட் ஜெசிந்தா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கடித்துவிட்டாள்.

“பரவாயில்ல சார்.”

என் கையிலும் மகளின் பல்வரிசை இருக்கிறது. பல் டாக்டர் பார்த்தால் பாராட்டுவார்.

எட்டு வயது. போன வருஷம் வரை, எறும்பை மிதித்துவிட்டால் எறும்பிடம் சாரி சொல்கிறவள்.

அப்புறம் அந்த ஸ்கூட்டர்.

எப்போதும் போல முன்னால் நின்றுகொண்டு வந்தாள். ஹாரன் அவள் பொறுப்பு. குறுக்கே ஒரு நாய். நான் பிரேக் போட்டேன்.

நாய்க்கு ஒன்றுமில்லை.

எனக்கும் ஒன்றுமில்லை.

டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மூளையில் முன்பக்கம் அடி, இந்தக் கோபமெல்லாம் அதனால்தான் என்றார்.

என்னாலா டாக்டர் என்று கேட்டேன்.

அடுத்த ஸ்கேன் ஆறு மாசம் கழித்து என்றார்.

மனைவியிடம் கேட்டேன். இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

ஜெசிந்தாவிடம் வாராவாரம் கேட்கிறேன். அப்படியெல்லாம் யோசிக்கக் கூடாது சார் என்று வாராவாரம் சொல்கிறார்.

ஹெல்மெட் உருண்டு மேசைக்கு அடியில் போயிருந்தது. எடுக்கலாமென்று குப்புறப் படுத்தேன். தொப்பை சம்மதிக்கவில்லை. ஒருக்களித்துப் படுத்தேன்.

கத்தல் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

ஹெல்மெட் அவள் தலையில் இருந்தது. அவளுக்கு ரொம்பப் பெரிசு. முன்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள்.

எல்லாரிடமும் கேட்டாயிற்று.

“பாப்பா, அன்னிக்கு அப்பாவாலதானே?”

“ஆமா,” என்றாள். “நீ மட்டும்தான் போட்டிருந்த.”

சொல்லிவிட்டு, வாரை மாட்டிவிடச் சொல்லி மோவாயைத் தூக்கிக் காட்டினாள்.