நேரலையில் ஜெசிந்தா

காலை 11.20. இணைய நேரலையில், பேட்டியாளர் ஜெசிந்தாவின் ஏஐ நகல், நடிகர் கிரிதரனைப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தது. ஜெசிந்தா வீட்டில் கணவன் அருளோடு உட்கார்ந்து, அவரைக்காய் நறுக்கியபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னைவிட அது என்னமா சிரிக்குது பாரு," என்றான் அருள்.

"அப்ப அதையே கட்டிக்கோங்க."

கிரிதரன் பிடி கொடுக்கவில்லை. படம் நன்றாக வந்திருக்கிறது என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். இப்படிப்பட்டவர்களுக்கு ஜெசிந்தா ஒரு வழி வைத்திருந்தாள். முதலில் தன் துக்கம் ஒன்றைச் சொல்வாள். பிறகு அவர்கள் தங்களுடையதைச் சொல்வார்கள். அவளுடைய பழைய பேட்டிகளிலிருந்து நகலும் அதைக் கற்றிருந்தது. தன் கைபேசிச் செய்திகள், மருத்துவ அறிக்கைகள் எல்லாவற்றையும் படிக்க அவள்தான் அதற்கு அனுமதி கொடுத்திருந்தாள்.

நகல் குரலைத் தாழ்த்தியது.

"எனக்கு மார்புல கேன்சர் சார். மூணாவது ஸ்டேஜ். வீட்டுக்காரர்கிட்ட இன்னும் சொல்லலை."

கிரிதரன் உடைந்து அழுதார். இறந்துபோன தன் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பார்வையாளர் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியது.

ஜெசிந்தாவின் கையில் கத்தி அப்படியே நின்றது. அருள் திரையிலிருந்து அவள் பக்கம் திரும்பினான்.

"ஜெசி, அவரை அழ வைக்கத்தானே அது பொய் சொல்லுச்சு?"