கிரீஸ் வேண்டாம்

"லைலுக்குத் தெரிய வேணாம்" என்றாள் கெர்டா.

டெரிக் நிமிர்ந்து பார்த்தான். கனடாவின் மலையூரான நெல்சனில் இருபது வருடமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். கணவனின் மலைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து எந்த மனைவியும் இப்படிச் சொன்னதில்லை.

பின்சக்கரத்தைத் தாங்கும் மூட்டுகளில் பேரிங்குகள் போயிருந்தன. புதிது போட வேண்டும், அவ்வளவுதான்.

"பேரிங் வேணாம். புஷ் போடுங்க."

"போடலாம். உருளுற குண்டு எதுவும் கிடையாது, வெறும் குழாய்த் துண்டு. எடை கம்மி, உறுதி. ஆனா அடிக்கடி கிரீஸ் வைக்கணும்."

"வைக்கலன்னா?"

"கத்தும். அப்புறம் தேயும். மூட்டு ஆடும். அப்புறம் ஒருநாள் செங்குத்து எறக்கத்துல..."

"எவ்வளவு சத்தமாக் கத்தும்?"

"கரடியே எந்திரிச்சு ஓடும்."

"பரவாயில்ல. கிரீஸ் வேணாம்."

லைல் வனக் காவலன். காப்புக்காட்டுக்குள் திருட்டுத்தனமாகச் சைக்கிள் தடம் வெட்டுபவர்களைப் பிடிப்பது அவன் வேலை. தினமும் இந்தச் சைக்கிளில்தான் மலையிறங்குவான். ஊரில் அவனைப் பிடிக்காதவர்கள் நிறைய. வீட்டிலும் ஒருத்தி இருப்பாள் என்று டெரிக் நினைத்ததில்லை.

மறுத்தால் வேறு கடைக்குப் போவாள். அதனால் புஷ்ஷைக் கிரீஸ் வைக்காமலே இறக்கினான். போல்ட்டுகளை மட்டும் இரண்டு தடவை முடுக்கினான். சத்தம் வந்ததும் லைலே கொண்டுவந்துவிடுவான் என்று நம்பினான்.

லைல் வரவில்லை. மூன்று வாரம், நான்கு வாரம். ஆம்புலன்ஸ் ஒலி கேட்டபோதெல்லாம் டெரிக் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

ஐந்தாம் வாரம் கடை வாசலில் வண்டி நின்றது. லைல் முழு உடம்போடு இறங்கிச் சைக்கிளை உள்ளே தள்ளிவந்தான். சீட்டை ஓர் அழுத்து அழுத்தினான். கடையே கிறீச்சிட்டது.

"யோவ் டெரிக், உள்ள பூனையை வச்சுப் பூட்டிட்டியா?"

டெரிக் கதவைச் சாத்தினான். "லைல், அது பேரிங் இல்ல, புஷ். அதுவும் கிரீஸ் வைக்காதது. உங்க மனைவிதான் அப்படிப் போடச் சொன்னாங்க. தப்பா எடுத்துக்காதீங்க, ஆனா ஜாக்கிரதையா இருங்க."

லைல் சிரித்தான். "அவ வேலைதானா? கரடி பயம்யா அவளுக்கு. சத்தம் இருந்தா கிட்ட வராதுன்னு இத்தனை நாள் இங்க கொண்டுவரவே விடல. என் மேல அவ்வளவு அக்கறை. ஆனா என் பொழப்பு போச்சே!"

"ஏன்?"

"தேவதாருக் காட்டுல ஒருத்தன் தடம் வெட்டுறான்ல? முன்னெல்லாம் நூலிழையில தப்பிப்பான். ஒருதடவை அவன் பாதி குடிச்ச காபி சூடு ஆறாமக் கெடந்துச்சு. இப்ப நான் போறப்ப வெறும் வெட்டிப்போட்ட ஈரமண்ணுதான். ஊர்ல பாதிப்பேர் அந்தத் தடத்துல ஓட்டுறாங்க. வெட்டுறது யாருன்னு எவனும் வாயத் தொறக்க மாட்டேங்குறான். நீயும் ஓட்டுறியா?"

"நானா? எனக்கு முட்டி வலி."

"சரி, பேசாமப் பேரிங்கே போட்டுக் குடு."

டெரிக் ஜன்னல் வழியே பார்த்தான். வண்டிக்குள் உட்கார்ந்திருந்த கெர்டா, நகக்கண்ணிலிருந்த ஈரமண்ணை ஒவ்வொரு விரலாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறுதோறும் அந்தத் தடத்தில் இறங்குகிற டெரிக், "கரடிக் காட்டுல உங்களுக்குப் புஷ்தான் பாதுகாப்பு, லைல்" என்றான்.