கோரைத் தட்டி

மூங்கில் சட்டத்தில் பச்சைக் கோரையைச் செருகிக் கட்டிய தட்டியை முன்னால் பிடித்து, அதன் மறைவில் குனிந்தபடி குளத்தின் முழங்கால் தண்ணீரில் மெல்ல நகர்ந்தார் மாசானம். இதுவரை அவர் கட்டிய தட்டிகளைத் தூரத்திலேயே கண்டுகொண்டு, நீரில் மேயும் நாமக்கோழிகள் தப்பியிருந்தன. "இதையும் ஒண்ணும் நம்பாது மச்சான்," என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தான், கரையில் சாக்கோடு நின்ற மனைவியின் தம்பி கொம்பையா. வீட்டிலோ மசாலா அரைத்தாகிவிட்டது.

இன்று ஒரு கோழி நேராகத் தட்டியை நோக்கியே நீந்தி வந்தது. மாசானம் தோளில் கிடந்த வலையைத் தூக்கினார். கோழியின் அலகில் ஒரு கோரைத்தாள் இருந்தது. கூடு கட்ட அதைத் தட்டியின் அடியில் செருகிவிட்டுப் போய், இன்னொன்றோடு திரும்பியது. பின்னாலேயே அதன் ஜோடியும் வந்தது. வைத்த இடம் பிடிக்கவில்லையோ என்னவோ, ஜோடி அதைப் பிடுங்கி வேறு பக்கம் செருகியது. மாசானத்துக்குச் சிரிப்பு முட்டியது. தட்டி லேசாகக் குலுங்க, பதறிப்போய் மூச்சை அடக்கினார். நல்லவேளை, இரண்டும் போகவில்லை.

தட்டியின் கால்களைச் சேற்றில் அழுத்தி ஊன்றினார். பிறகு தண்ணீரில் குப்புறப் படுத்து, முகம் மட்டும் வெளியே தெரிய, பின்பக்கமாகவே தவழ்ந்தார்.

கரையேறியபோது உடம்பெல்லாம் சேறு, பல் மட்டும்தான் வெள்ளை. கொம்பையா வெறுங்கையைப் பார்த்தான்.

"தட்டி எங்க மச்சான்?"

"சத்தம் போடாத," என்று அவன் தோளைப் பிடித்து அழுத்திக் குனியவைத்தார் மாசானம். "நம்பிருச்சு."