பதினோரு ஞாயிறு

ஒரகடத்தில் கனகலட்சுமியின் ஞாயிற்றுக்கிழமை எண்ணூற்று நாற்பது ரூபாய்க்குப் போகிறது, கம்பெனியின் ஓவர்டைம் ரேட். விடுதி மாடியில் பகுதிநேர டிப்ளமோவின் ஞாயிறு கணக்கு வகுப்பு தொடங்கிவிட்டது. அதில் தேறினால் லைன் வேலையை விட்டு டெக்னீஷியன் ஆகலாம். கீழே கம்பெனி பஸ் உறுமுகிறது. அவளோ ஒரு செருப்பைக் கழற்றி, மறு செருப்போடு முதல் படியில் நிற்கிறாள். பஸ் ஜன்னலிலிருந்து அறைத்தோழி ஷெர்லின் கத்துகிறாள்: "இன்னாடி கனகா, நின்னுக்கினே கீற? பரீட்சைக்கு இன்னும் பதினோரு ஞாயிறு கீது. கிளாசுக்குப் போனா எவ்ளோ துட்டு போவும், சொல்லு!" "ஒம்பதாயிரத்தி எரநூத்தி நாப்பது. ஈ.எஸ்.ஐ. புடிச்சது போக ஒம்பதாயிரத்தி நூத்தி எழுவது." ஒரு விரல்கூட மடக்கவில்லை. "அப்புறம் இன்னா? ஏறு!" கனகா பையிலிருந்து டிப்ளமோ வகுப்பின் விலகல் படிவத்தை எடுத்து, சுவரில் வைத்து நிரப்புகிறாள். பேனா மக்கர் செய்கிறது. உதறிவிட்டு, காரணம் கேட்கும் கட்டத்தில் அழுத்தி எழுதுகிறாள்: எனக்குக் கணக்கு வரவில்லை.