மெதுவாகப் பேசும் மேகம்

"என் மேகத்தோட கால்ல கல்லைக் கட்டினது யாரு?"

தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியில் இருந்தது அந்தக் கார்ட்டூன் கம்பெனி. முதலாளி ராஜமணி போட்ட சத்தத்துக்குக் கீழே ஆட்டோக்காரர்கள்கூட அண்ணாந்து பார்த்திருப்பார்கள்.

கம்ப்யூட்டர் திரையில் மேகம் போய்க்கொண்டிருந்தது. விழிஞ்ஞம் கடலுக்கு மேலே, தூக்கத்தில் நடப்பதுபோல. படகு விளக்குகள் ஒவ்வொன்றாய் மங்க, அது குனிந்து ஒரு குழந்தையின் ஜன்னலில் முகம் வைத்து, "கண்ணை மூடு மக்கா" என்றது.

நேற்றுவரை விறுவிறுவென்று ஓடிய மேகம்.

"நொடிக்கு இருபத்தஞ்சு படம்னு வச்சிருந்தேன். எவனோ இருபதுன்னு மாத்தி எக்ஸ்போர்ட் பண்ணி, சிடியிலயும் ஏத்தி வச்சிருக்கான். அஞ்சு நிமிஷ முதல் பாகம் இப்போ ஆறேகால் நிமிஷம். தினம் ஒரு பாகம் போட நாகர்கோவில் கேபிள்காரன் தந்தது அஞ்சு நிமிஷம். மிச்சத்தை உங்க வீட்டுச் சுவர்ல ஓட்டவா?"

"ஞான் அல்ல சாரே" என்றான் ஜினு.

"நீ எதைத்தான் ஒத்துக்கிட்டே? வாயில சோறு ஒட்டியிருக்கும்போதே சாப்பிடலைன்னு சொல்றவன்."

பக்கத்து நாற்காலியில் இருந்த ஷெமிக்குச் சிரிப்பு வரவில்லை. மாற்றியது அவள்தான்.

மேகத்துக்குக் குரல் கொடுப்பவள் பாறசாலை எலிசாள். இந்தக் கம்பெனியின் அம்மாக்கள், ஆடுகள், மேகங்கள் எல்லாமே அவள் தொண்டையில்தான் குடியிருந்தன. பக்கவாதம் வந்து படுத்து எழுந்தபின் பேச்சு திரும்பியது, வேகம் திரும்பவில்லை. படத்தையோ அவளுடைய பழைய வேகத்துக்கே வரைந்து முடித்திருந்தார்கள். மேகம் வாயை மூடிய பிறகும் எலிசாள் பேசிக்கொண்டே இருந்தாள். வாயும் பேச்சும் ஒட்டாவிட்டால் வேறு ஆளைப் பேச வையுங்கள் என்று கேபிள்காரர் சொல்லியனுப்பியிருந்தார். அந்தக் குரலை விட்டால் எலிசாளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

ஷெமி எழுந்து நின்றாள்.

"நான்தான் சாரே."

"எதுக்கு?"

"எலிசாள் அக்காவை வேகமாப் பேச வைக்க முடியாது. மேகத்தை மெதுவாக்க முடியும்லா."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா ஏசுவீங்கன்னு..."

"இப்போ என்ன கொஞ்சிக்கிட்டா இருக்கேன்?"

ராஜமணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படத்தை முதலிலிருந்து ஓடவிட்டார். மேகம் மிதந்து வந்தது. எலிசாள் ஒவ்வொரு சொல்லாய் எடுத்து வைக்க, மேகத்தின் வாயும் அதற்கேற்பத் திறந்து மூடியது. இழுத்து இழுத்து அவள் பேசிய பேச்சு இப்போது தாலாட்டாகவே கேட்டது. ஜினு கொட்டாவி விட்டான்.

"பாரு, இவன் உறங்கவே போயிட்டான்" என்று முணுமுணுத்தபடி ராஜமணி படத்தை நிறுத்தினார்.

ஷெமி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "பழையபடி இருபத்தஞ்சுக்கே மாத்தி வச்சிட்டு நான் போயிடறேன் சாரே. அக்காவை மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க."

"எங்கே போறே? பையை இறக்கு. காலையிலேயே இதைப் பார்த்துட்டு, அந்தக் கேபிள்காரனுக்குப் போன் போட்டு, அரை மணி நேரம் மல்லுக்கட்டி பாகத்துக்கு ஏழு நிமிஷம் வாங்கி வச்சிருக்கேன்."

ஷெமி விழித்தாள். "பின்னே எதுக்கு சாரே இத்தனை ஏச்சு?"

"ஏசாம என்ன செய்ய? முதல் பாகத்துல மட்டும் மேகம் எலிசாள்கூட நிதானமா நடக்குது. மிச்ச பாகம் எல்லாத்துலயும் அவளை அப்படியே விட்டுட்டு ஓடுது. பாதி வேலை பார்த்தவ யாரோ, அவளே உக்காந்து மிச்சத்தையும் சரியாக்கணும்."